சூடான வடைக்கு வரி உண்டு

இங்கிலாந்தின் தோர்ண்டன் ஹீத்தில் என் அண்ணை இருந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பதினொரு பிஸ்கட் பேணிகள் இருந்தன. ஒன்றிலும் பிஸ்கட் கிடையாது. நாவூறி மூடியைத் திறந்த விருந்தாளிகள் உள்ளே கண்டது பற்றுச்சீட்டுகளை மட்டுமே. சப்பாத்து வாங்கியது, மின்குமிழ் வாங்கியது, குடை வாங்கியது, அந்தக் குடை முதல் காற்றிலேயே கவிழ்ந்துபோக இன்னொரு குடை வாங்கியது என்று எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக அடுக்கி, இறப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார்.

இதற்கெல்லாம் காரணம் கனடா.

எங்கள் அக்கா ரொறன்ரோவில் இருக்கிறார். அவர் மூத்தவர், நடுவில் அண்ணை, கடைசியில் நான். கனடாவில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கடையில் எல்லோரிடமும் விற்பனை வரியை வாங்கிக்கொள்ளும் அரசாங்கம், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் அதற்கு ஈடாக ஒரு தொகையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திருப்பி அனுப்பிவிடும். அக்கா அதை ஜி.எஸ்.ரி காசு என்பார். அது வந்த அன்று அண்ணைக்குத் தொலைபேசி எடுப்பார்.

"தம்பி, ஜி.எஸ்.ரி வந்திட்டுது!"

குழந்தை பிறந்த செய்தியைக்கூட எங்கள் குடும்பத்தில் யாரும் அவ்வளவு மகிழ்ச்சியாகச் சொன்னதில்லை. பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாட்டு அரசாங்கம் தன்னை நினைத்து வைத்திருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுகம் விசாரிப்பதாக அக்கா எடுத்துக்கொண்டார். நாளடைவில் நாங்கள் காலத்தையே அதைக்கொண்டு அளக்கத் தொடங்கினோம். அத்தானுக்குப் பாரிசவாதம் வந்தது எப்போது என்று கேட்டால், "அது ஆறு ஜி.எஸ்.ரிக்கு முந்தி" என்பார் அக்கா. எனக்கும் அண்ணைக்கும் அது உடனே விளங்கும்.

இங்கிலாந்தில் அந்த வரிக்கு வற் என்று பெயர். நூற்றுக்கு இருபது. இங்கே எடுப்பார்கள், திருப்பித் தர மாட்டார்கள். இல்லாதவர்களுக்கு வேறு பெயர்களில் வேறு உதவிகள் உண்டு, இது மட்டும் இல்லை. இதை நான் அண்ணைக்கு வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன்.

"அங்க துவங்கினது ஒருநாள் இங்கயும் வரும். வரேக்க ரிசீற் இல்லாதவன் வாயைப் பாத்துக்கொண்டு நிக்க வேண்டியதுதான்."

"அண்ணை, கனடாவில ரிசீற் ஒண்டும் கேக்கிறேல்லை. வருமானக் கணக்கைக் காட்டினால் தானா வரும். அக்காவைக் கேட்டுப் பாருங்கோ."

"ரிசீற் பாக்காமல் காசு குடுக்கிற அரசாங்கம் எங்கயடா இருக்கு? அக்காவுக்குத் தெரியாமல் எங்கயோ இருந்து பாக்கிறாங்கள்."

இருபத்தாறு வருடம் பெற்றோல் நிலையத்துக் கல்லாவில் நின்ற மனிதர் அவர். பற்றுச்சீட்டு வேண்டுமா என்று நாள் முழுக்கக் கேட்டு, வேண்டாம் என்று கையசைத்துப் போகிற ஒவ்வொருவனையும் பார்த்து வயிறெரிந்தவர். பற்றுச்சீட்டு என்ற ஒன்றின்மேல் அவருக்கிருந்த மரியாதை எனக்குக் கடவுள்மேல்கூட வந்ததில்லை. ஒன்றைக் கையில் வாங்கினால், மேலே உள்ள கடை விலாசத்திலிருந்து கீழே உள்ள நன்றி வணக்கம் வரை முழுவதையும் வாசித்து முடித்த பிறகுதான் மடிப்பார். வாசிக்காமல் ஒரு தாளையும் அவர் மடித்ததில்லை. இந்த ஒரு விஷயத்தை நான் மறக்காமல் இருந்திருக்க வேண்டும்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளைகளும் இல்லாமல், சிறிய ஓய்வூதியத்தில் தனியே இருந்தார். குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே தொப்பியோடு உட்கார்ந்திருப்பார். வருமானம் குறைந்த முதியவர்களுக்கான உதவிப் படிவம் ஒன்றை ஒருமுறை என் வீடு இருக்கும் இங்கிலாந்து எட்மண்டனிலிருந்து எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தேன்.

"பெனிபிட்டோ?"

"உங்களுக்கு உரித்தான காசு அண்ணை."

"பெனிபிட் எண்டால் கை நீட்ட வேணும். நான் நீட்ட மாட்டன். வற் அப்பிடியில்லை. அது என்ர காசு. குடுத்ததைத் திருப்பித் தா எண்டு கேக்கிறதில என்ன வெக்கம்?"

படிவம் பிறகு தேநீர்க் கோப்பைக்கு அடியில் போனது.

வற் திரும்பி வரும்வரை அதைக் கட்டாமல் தப்புவது எப்படி என்பதிலும் அவர் தேர்ச்சி பெற்றிருந்தார். இந்த நாட்டில் வெறும் பிஸ்கட்டுக்கு வரியில்லை, சொக்லேட் பூசினால் வரி. அண்ணை சொக்லேட்டைத் துறந்தார். பச்சைக் கச்சானுக்கு, அதாவது நிலக்கடலைக்கு, வரியில்லை, வறுத்து உப்புப் போட்டு விற்றால் வரி. அண்ணை பச்சையாக வாங்கிவந்து தானே வறுத்தார். வறுக்கிற காஸுக்கு ஐந்து வீதம் வற் இருக்கிறது என்று நான் சொன்ன அன்று என்னோடு கதைக்கவில்லை. ஆறிய பண்டத்தை வாங்கிப் போனால் வரியில்லை, சூடாக வாங்கினால் வரி. அதனால் பிரதான வீதியில் இருக்கும் எங்கள் ஆட்களின் கடையில், "ஆறின வடையாத் தாரும்" என்று கேட்டு வாங்குகிற ஒரே வாடிக்கையாளர் அவர்தான். சூட்டுக்கும் ஆறலுக்கும் ஒரே விலை என்று கடைக்காரர் சத்தியம் செய்து பார்த்தார். அண்ணை கேட்கவில்லை. கொள்கை வேறு, விலை வேறு.

இதையெல்லாம் வைத்து நான் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். நான் அப்படிப்பட்ட தம்பி. அதைக் கத்தரித்து ஒரு பேணிக்குள் வைத்துவிட்டு அண்ணை சொன்னார்: "புத்தகத்துக்கும் பேப்பருக்கும் வற் இல்லை, தெரியுமோ? உன்ர எழுத்துக்கு வரி போட அரசாங்கத்துக்கே மனம் வரேல்லை." அந்தக் கட்டுரையில் நான் எழுதிய எந்த வரியையும்விட அது நன்றாக இருந்தது. அக்கா என் எழுத்தை வாசிப்பதே இல்லை. நான் பகிடி என்று எழுதுவது தனக்குப் பகிடியாகத் தெரியவில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. இப்போது நான் இதை எழுதக்கூடியதாக இருப்பதும் அதனால்தான்.

அண்ணையும் அக்காவும் பன்னிரண்டு வருடங்களாக நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. அத்தானைத் தனியே விட்டு அக்காவால் வர முடியாது. ஆகவே, அந்தக் கோடையில் ரொறன்ரோ போவதென்று அண்ணை தீர்மானித்திருந்தார். அக்கா அவருடைய வரவுக்கென்று ஜி.எஸ்.ரி காசைச் செலவழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"கனடா அரசாங்கம் உனக்கு நயாகரா காட்டப் போகுதடா" என்றார் தொலைபேசியில்.

"தண்ணி விழுறதைப் பாக்கக் காசு குடுக்கிறதோ? அதுக்கும் வரியிருக்கோ எண்டு முதல்ல கேளுங்கோ அக்கா."

நயாகராவில் போடுவதற்கென்று அண்ணை ஒரு மழைச்சட்டைகூட வாங்கியிருந்தார். பற்றுச்சீட்டு பதினோராவது பேணியில் இருந்தது.

தை மாதம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாசியில் ஆஸ்பத்திரியில் ஒரு மருத்துவரின் அறையில் இருந்தோம். அண்ணைக்குக் காது மந்தம். முகத்துக்கு நேரே உரக்கப் பேசினால் கேட்கும், மெல்லப் பேசுகிற மருத்துவர்களோடு அவருக்குச் சரிவராது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். "ஏன், இவன் இருக்கிறான். இவன் படிச்சவன்" என்று என்னைக் காட்டியிருந்தார். ஐம்பத்தைந்து வயதில் முதல் தடவையாக என் படிப்புக்குக் குடும்பத்தில் ஒரு பயன் வந்தது.

கணையத்தில் புற்றுநோய் என்றார் மருத்துவர். ஈரலுக்குப் பரவிவிட்டது, இனிச் செய்யக்கூடியது வலியைக் குறைப்பது மட்டுமே என்றார். குரலைத் தாழ்த்தி, மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையால்தான் அண்ணைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னவாம்?"

"கணையத்தில ஒரு புண்ணாம் அண்ணை. குளிசை தருவினமாம்."

இது யோசித்துச் சொன்னதல்ல. அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வாய்வரை வந்தேன், அங்கே வைத்து மாற்றிவிட்டேன். சரியானதைப் பிறகு சொல்லலாம், வீட்டில் வைத்து, தேநீர் குடிக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். வெளியே வந்து, தாதி தந்த விளக்கப் புத்தகத்தை என் கோட்டின் உட்பைக்குள் வைத்துக்கொண்டேன். அண்ணைக்குக் காது கேட்காது, கடிதங்களை என் வீட்டு விலாசத்துக்கு அனுப்புங்கள் என்று வரவேற்பு மேசையில் சொன்னேன். அவர்கள் அதை என் பொறுப்புணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

அக்காவுக்குச் சொன்னேன். அவர் அழுது முடியும்வரை காத்திருந்தேன்.

"அவனுக்குச் சொல்லிப்போட்டியோ?"

"இன்னும் இல்லை."

"சொல்லாதை. சொன்னால் அவன் அண்டைக்கே செத்துப்போவான். நோயில்லை, அந்தப் பேர்தான் ஆளைக் கொல்லுறது. எனக்குச் சத்தியம் பண்ணு சின்னவன்."

எங்கள் ஆட்களில் இது புதினமில்லை. நோயாளியைத் தவிர ஊருக்கெல்லாம் நோயின் பெயர் தெரிந்திருக்கும். எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்துக் கண்டித்து, ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். அதுவும் பகிடிக் கட்டுரைதான். சத்தியம் பண்ணினேன்.

மூன்று கிழமை கழித்து இரண்டாம் தடவை போனோம். எல்லாம் முடிந்து எழும்பும் நேரத்தில் அண்ணை என் கையைப் பிடித்தார்.

"ரொறன்ரோ போகலாமோ எண்டு கேள்."

கேட்டேன். மருத்துவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு அண்ணையைப் பார்த்தே சொன்னார்: போக விரும்பினால் இப்போதே போக வேண்டும். அடுத்த சில வாரங்களுக்குள். அதற்குப் பிறகு உடல் இடம் தராது. விமான நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை இன்றைக்கே எழுதித் தருகிறேன்.

அண்ணை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதே போங்கள் என்று சொன்னால், ஏன் இப்போதே என்று கேட்பார். புண் உள்ளவனை ஏன் அவசரமாக விமானத்தில் ஏறச் சொல்கிறார்கள் என்று கேட்பார். முதல் பொய் இரண்டாவது பொய்யைக் கேட்டது, நான் கொடுத்தேன்.

"இப்ப வேண்டாமாம் அண்ணை. புண் ஆறட்டுமாம். கோடையில போகலாமாம்."

"அவருக்கு விளங்கியதா?" என்று மருத்துவர் கேட்டார். விளங்கியது என்றேன். அண்ணை எழும்பி, இரண்டு கைகளாலும் மருத்துவரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது சொன்னார்: "நல்ல மனுசன். வடிவா விளங்கப்படுத்துறார்."

கோடை அவரிடம் வந்துகொண்டிருந்த வேகத்தைவிட வேகமாக அவர் கோடையிடமிருந்து விலகிக்கொண்டிருந்தார். வைகாசி மாதம் சோபாவிலிருந்து எழும்ப ஏலாமல் போய்விட்டது. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குவோம், அல்லது அவர் நாங்கள் வரும்வரை உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி, விசையை அழுத்தினால் தானே உயர்ந்து ஆளை நிற்க வைத்துவிடும் கதிரை ஒன்றைப் பற்றிச் சொன்னார்.

அன்று பின்னேரம் கணினியில் தேடினேன். விலையைப் பார்த்ததும் எனக்கே உட்கார வேண்டும்போல இருந்தது. கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: நீண்டகால நோயாளிகள் தங்களுக்கென்று வாங்கும் இந்தக் கதிரைக்கு வற் கட்டத் தேவையில்லை. ஒரு பிரகடனத்தை நிரப்பினால் போதும்.

தனியே இருந்து சிரித்தேன். இத்தனை வருடங்களாக அண்ணை காத்திருந்தது வந்துவிட்டது. உடனே தொலைபேசி எடுத்து, உரத்துச் சொன்னேன்.

"அண்ணை, உங்களுக்கு வற் இல்லாமல் ஒரு கதிரை!"

"என்னடா சொல்லுறாய்? உண்மையோ?"

அந்தக் குரலை நான் பல மாதங்களாகக் கேட்கவில்லை.

"உண்மை. சைபர் வீதம்."

"ஏன் எனக்கு விடுறாங்கள்?"

"வயசான ஆக்களுக்கு அண்ணை."

"எத்தினை வயசிலயிருந்து? படிவத்தைக் கொண்டா, வாசிக்க வேணும்."

"அது இன்ரநெற்றில நிரப்புறது. நான் பாத்துக்கொள்ளுறன்."

படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேள்வி. உங்களுக்குள்ள நோயை விவரிக்கவும். முதுகு வலி என்று எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் கடையிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். தற்காலிக வலிக்கு விலக்கு இல்லை, நீண்டகால நோய் ஏதாவது இருந்தால் அதன் பெயரை எழுத வேண்டும் என்றாள். மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னாள். பொருளைக் கொண்டுவருகிறவர் கையெழுத்து வாங்குவார் என்றும் சொன்னாள். கையெழுத்து என்றால் இந்தக் காலத்தில் கைப்பேசித் திரையில் விரலால் ஒரு கிறுக்கல் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் அந்தப் பெயரை நான் தமிழில் அக்காவிடம் ஒரேயொரு தடவை சொன்னேன், வேறெங்கும் சொல்லவில்லை. இப்போது எழுதினேன். எழுத்துப்பிழை இல்லாமல், எந்த உறுப்பு என்பதோடு, முற்றிய நிலை என்பதையும் சேர்த்து. அண்ணையிடம் சொல்ல முடியாததை இருபது வீதத்துக்காக முன்பின் தெரியாத ஒரு கடைக்கு எழுதிக் கொடுத்தேன்.

கதிரை வரும் நாள் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் என்றார்கள். பதினொன்றரைக்கே தோர்ண்டன் ஹீத் ஸ்ரேசனில் இறங்கிவிட்டேன். நடந்தால் எட்டு நிமிடம். வழியில் எங்கள் ஆட்களின் கடை. இன்றைக்காவது அவர் சூடான வடை சாப்பிடட்டும் என்று நினைத்தேன்.

"வடை சட்டியில கிடக்கு அண்ணை. அஞ்சு நிமிசம் நில்லுங்கோ" என்றார் கடைக்காரர்.

"சூடாத்தான் வேணும்."

"உங்கட அண்ணை ஆறினதெல்லோ கேக்கிறவர்?"

"இண்டைக்குச் சூடாக் குடும்."

அந்த ஐந்து நிமிடம் அரை மணித்தியாலத்துக்கு மேலே இழுத்தது. கதிரை கொண்டுவந்தவர்கள் அதற்குள், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட, வந்து போய்விட்டார்கள்.

நான் போனபோது கதவு பூட்டாமல் சாத்தியிருந்தது. அண்ணை சாம்பல் நிறக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கையில் விசை. மடியில் ஒரு தாள்.

"பார்" என்றார்.

விசையை அழுத்தினார். கதிரை மெல்ல முனகிக்கொண்டு உயர்ந்து, முன்னே சாய்ந்து, அவரைக் காலில் நிற்க வைத்தது. பல நாளைக்குப் பிறகு யாரும் பிடிக்காமல் நின்றார். திரும்ப அழுத்தி, மெல்லக் கீழே போனார்.

"வற் போட்டிருக்கிறாங்களோ எண்டு பாத்தன். சைபர்தான்."

"சொன்னனான் தானே அண்ணை."

"ஒரு தாள் தந்து கையெழுத்துக் கேட்டான். வாசிச்சுப்போட்டுத்தான் வைச்சன்."

அது நான் நிரப்பிய பிரகடனம். அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் எழுதிய அந்த வரிக்குக் கீழே, மேலே கூறியவை உண்மை என உறுதியளிக்கிறேன் என்று இருந்தது. அதற்கும் கீழே அண்ணையின் கையெழுத்து, முழுப்பெயராக. பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து கணக்கு ஒப்படைக்கும்போது வைப்பதுபோல, அடியில் ஒரு கோடும் இழுத்து.

நான் வடைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ புண் எண்டனீ."

"ஓம் அண்ணை."

"டொக்டர் புண் எண்டவரோ?"

"இல்லை."

"நான் நீ சொன்னதைத்தான் நம்பினன்."

வெளியே யாரோ குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருமுனைவரை போய் முடிந்தது.

"ரொறன்ரோ கேட்டனான். அதுக்கு என்ன சொன்னவர்?"

பொய் சொல்ல இன்னும் ஒரு இடம் இருந்தது. என்னால் ஏலவில்லை.

"உடன போகச் சொன்னவர். ஏலுமெண்டால் அந்தக் கிழமையே. கடிதமும் தாறன் எண்டவர்."

அவர் தாளை நான்காக மடித்தார். பிறகு விரித்தார். திரும்ப மடித்தார்.

"அது மாசி கடைசி."

"பங்குனி துவக்கம்."

"ஒரு ஜி.எஸ்.ரிதான் போயிருக்கு" என்றார். "அந்த நேரம் நான் படி ஏறி இறங்கினனான்."

அடிப்பார், ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இளமையில் என்னை நன்றாக அடித்தவர். ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்து மழைச்சட்டை தொங்கிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"அவதான் சொல்ல வேண்டாம் எண்டவ. சத்தியம் வாங்கினவ."

"எனக்குத் தெரியும் எண்டு அவவுக்குச் சொல்லாதை. அவ தாங்க மாட்டா."

"சரி அண்ணை."

"சத்தியம் பண்ணு."

பண்ணினேன். இரண்டு சத்தியங்களும் இப்போது என்னிடமே இருந்தன. அவர் கையை நீட்டினார். வடைப் பையைக் கொடுத்தேன். அடியில் தொட்டுப் பார்த்தார்.

"சுடச்சுட வாங்கினியோ?"

"ஓம்."

"இதுக்கு வற்" என்றார். ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்துக்கொண்டு கனநேரம் விழுங்காமல் இருந்தார்.

ஆடி மாதம் கனடாவில் ஜி.எஸ்.ரி வந்தது. அக்கா அழைத்தபோது நான் அங்கே இருந்தேன். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அண்ணையின் நல்ல காதுப் பக்கம் பிடித்தேன். அவர் கதிரையைச் சாய்த்துப் படுத்திருந்தார். குரல் மெலிந்திருந்தது. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது.

"தம்பி, ஜி.எஸ்.ரி வந்திட்டுது."

"எனக்கும் வந்திட்டுது அக்கா."

"என்னடா வந்தது?"

"வற். கதிரைக்கு வற் எடுக்கேல்லை. சைபர்."

"எப்பிடியடா விட்டவங்கள்?"

அண்ணை என்னைப் பார்த்தார். இந்த முறை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

"வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு இங்கயும் துவங்கீட்டாங்கள் அக்கா. உங்கட நாட்டைப் பாத்துத்தான்."

"நான் அப்பவே சொன்னனான்! சின்னவன்தான் பெரிய படிச்சவன்மாதிரி இல்லை இல்லை எண்டு நிண்டவன். கேக்கிறானோ அவன்?"

"பக்கத்திலதான் நிக்கிறான். முகம் விழுந்துபோச்சு."

அக்கா சிரித்தார். அண்ணையும் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது.

"அடுத்த வருசம் கட்டாயம் வந்திடு. காசு அப்பிடியே வைச்சிருக்கிறன். நயாகரா எங்கயும் போகாது."

"வாறன் அக்கா."

அவர் ஆவணி பிறந்து ஆறாம் நாள் போனார். அந்தக் கதிரையில்தான், காலையில், தாதி வந்து கதவைத் தட்டிய நேரத்தில். இறுதிக் கிரியைகளை அக்கா ரொறன்ரோவிலிருந்து ஒரு திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். படம் அடிக்கடி உறைந்து நின்றது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கென்று அவர் அந்த நயாகராக் காசு முழுவதையும் அனுப்பினார். அது அவனுடைய காசு, அவனுக்கே செலவழி என்றார். சாப்பாடு சமைத்துக் கொடுத்தவர் தந்த பற்றுச்சீட்டை நான் முழுதாக வாசித்தேன். சூடான சாப்பாடு, வற் இருபது வீதம். கனடா அரசாங்கம் திருப்பிக் கொடுத்த வரியில் ஆறில் ஒரு பங்கை இங்கிலாந்து அரசாங்கம் வரியாக எடுத்துக்கொண்டிருந்தது. அண்ணை இருந்திருந்தால் எல்லாவற்றையும் ஆறவைத்துக் கொண்டுவரச் சொல்லியிருப்பார்.

வீட்டை வாடகைக்கு விட்டிருந்த கவுன்சிலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பேணிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பழைய பேணிகளில் இருந்த பற்றுச்சீட்டுகளில் எழுத்தே இல்லை. அந்தத் தாளில் மை நிற்காதாம், சில வருடங்களில் வெளிறிவிடுமாம். வெள்ளைத் துண்டுகளை இறப்பர் வளையம் போட்டு ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருந்திருக்கிறார். அவருக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ. பதினோராவது பேணியில் மழைச்சட்டையின் பற்றுச்சீட்டுக்கு மேலே அந்தப் பிரகடனம் நான்காக மடித்தபடி இருந்தது. அதன் எழுத்து மங்கவில்லை.

அதைக் கையில் வைத்திருக்கும்போதே அக்காவின் அழைப்பு வந்தது.

"வீடு ஒதுக்கி முடிஞ்சுதோ?"

"முடியுது அக்கா."

"ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லு. கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரியாது தானே?"

தாளைப் பேணிக்குள் வைத்து மூடினேன்.

"தெரியாது அக்கா."

"அது போதும். அந்தப் பேரைக் கேக்காமல் போயிட்டான். எல்லாம் உன்ர கெட்டித்தனம் சின்னவன்."

கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, ஏதோ நினைவு வந்தவர்போலச் சொன்னார்:

"அவன்ர ரிசீற் பேணியளை எறிஞ்சுபோடாதை, என்ன? இங்கயும் துவங்கீட்டாங்கள் எண்டு சொன்னவன் எல்லோ. அவன்ர பேரில ஏதும் வர இருக்கோ எண்டு ஒருக்கா விசாரி."

"விசாரிக்கிறன் அக்கா" என்றேன்.